போதை இறங்கிய பின் மேடை ஏறியவர்கள்

1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு நகைச்சுவைக் கலைஞர் ஃபாஸ்டர் புரூக்ஸ் என்றாலே குடிகாரர்தான். நாக்குக் குழறும். வந்த ஏப்பத்தைப் பாதியில் விழுங்குவார். சொல்ல நினைத்த சொல்லைத் தவறவிட்டு, அதன் பக்கத்து வீட்டுச் சொல்லில் போய் விழுவார். டீன் மார்ட்டினின் நிகழ்ச்சிகளில் அவர் எழுந்து நின்றாலே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். அந்த மனிதர் 1964லேயே குடியை விட்டுவிட்டவர். யாரோ கட்டிய பத்து டாலர் பந்தயத்துக்காக விட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் புகழ் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நகைச்சுவையும் குடியும் உடன்பிறப்புகள் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு மனிதரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே போதையில் இருப்பவருக்கு எந்த இடத்தில் சொல் நழுவும் என்று தெரியாது. புரூக்ஸுக்குத் தெரியும். எத்தனை நொடி தள்ளாடினால் சிரிப்பு வரும், எங்கே தாண்டினால் பார்ப்பவருக்குச் சங்கடமாகிவிடும் என்ற கணக்கு அவர் கைக்குள் இருந்தது. அந்தக் கணக்குப் போடத் தெளிந்த தலை வேண்டும்.

ஆனாலும் பழைய நம்பிக்கை லேசில் போகாது. மேடையில் நிற்பவர்களே அதைத்தான் முதலில் நம்புகிறார்கள். "குடியை விட்டால் எனக்குள் இருக்கும் காமெடியன் செத்துப்போவான்" என்ற பயம் எத்தனையோ பேரை மறுவாழ்வு மையத்தின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையும் கண்ணெதிரே இருக்கிறது. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் முதல் தலைமுறை நட்சத்திரமான ஜான் பெலூஷி 1982 மார்ச் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் விடுதி ஒன்றில் ஹெராயினும் கொக்கெய்னும் கலந்த ஊசியால் இறந்தபோது வயது 33. அவரைத் தெய்வமாக நினைத்து அதே நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்த கிறிஸ் ஃபார்லி 1997 டிசம்பரில் போதைமருந்தாலேயே இறந்தார். அவருக்கும் வயது 33.

பெலூஷி இறந்த இரவில் அவர் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் காமெடியனும் நடிகருமான ராபின் வில்லியம்ஸ். நண்பனின் மரணமும், அடுத்த ஆண்டு பிறக்கவிருந்த மகனும் சேர்ந்து அவரைக் கொக்கெய்னையும் மதுவையும் விட வைத்தன. உலகம் அறிந்த ராபின் வில்லியம்ஸ் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் உருவானவர்தான். 1997இல் வந்து அவருக்கு ஆஸ்கார் வாங்கித் தந்த 'குட் வில் ஹன்டிங்' வேடமும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. மேடையில் மூச்சுவிடாமல் குரல் மாற்றிக் குரல் மாற்றிப் பேசும் அவரைப் பார்த்தவர்கள், இதெல்லாம் ஏதோ உள்ளே போட்டுக்கொண்டு வருவது என்றே நினைத்தார்கள். அது அவருடைய மூளையின் இயல்பான வேகம்.

குடியை விடுவது காமெடியனுக்கு ஏன் இத்தனை கடினம் என்பதற்கு மனோதத்துவத்தைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. அவர் வேலை செய்யும் இடமே சாராயக் கடை. அமெரிக்க காமெடி கிளப்புகள் பலவற்றில் டிக்கெட்டோடு "குறைந்தது இரண்டு பானம் வாங்க வேண்டும்" என்ற விதி இருக்கும். டிக்கெட்டைவிட மதுவில்தான் கிளப்புக்கு வருமானம். புதிதாக வருகிறவர்கள் கூலியின்றிப் பேசிப் பழகும் 'ஓப்பன் மைக்' இரவுகள் பெரும்பாலும் பார்களின் பின்னறைகளில் நடக்கும். காசு தர முடியாத இடங்களில் "ரெண்டு ட்ரிங்க் நம்ம கணக்கு" என்பதுதான் சம்பளம். கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் செங்கல்லைக் கூலியாகக் கொடுப்பதில்லை. இங்கே கொடுக்கிறார்கள்.

நேரமும் எதிரிதான். ஊர் ஊராகப் போகும் காமெடியனுக்கு ஒரு நாளில் உண்மையான வேலை பதினைந்து நிமிடமோ ஒரு மணி நேரமோதான். மிச்சப் பொழுதெல்லாம் தெரியாத ஊரின் விடுதி அறையில் கழிய வேண்டும். முந்நூறு பேர் சிரித்த சத்தம் காதில் இருக்க, இரவு பன்னிரண்டு மணிக்கு மேடையிலிருந்து இறங்குகிறவரின் உடம்பு உடனே அடங்காது. அந்த நேரத்தில் திறந்திருக்கும் இடம் பார் மட்டும்தான். குடியை விட்டவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது புதிய ஜோக் எழுதுவதை அல்ல, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை என்ன செய்வது என்பதைத்தான்.

இன்னொன்று, ஞாபகம். அளவு மீறிப் போகும் மது, மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை முடக்கிவிடும். ஆள் தூங்கமாட்டார். நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், போன் செய்வார். காலையில் அதில் எதுவும் இருக்காது. மறந்துபோனது என்றுகூட அதைச் சொல்ல முடியாது, முதலில் பதியவே இல்லை. மற்ற தொழில்காரர்களுக்கு இது அவமானம். கண்டதையும் கேட்டதையும் எடுத்து வைத்துப் பிழைக்கும் காமெடியனுக்கோ இது முதலீட்டையே தின்னும் கரையான். "நேற்று ராத்திரி என்ன ஆட்டம் தெரியுமா" என்று அவர் சொல்லும் கதையில் பாதி, பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டது.

தொழில்ரீதியாக நடக்கும் பெரிய மாற்றம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அது இந்தக் கலைஞர்களில் பலர் போய் உட்கார்ந்த கூட்டங்களிலிருந்து வருகிறது.

1935 ஜூனில் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில், நியூயார்க் பங்குத் தரகர் ஒருவரும் உள்ளூர் அறுவை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து தொடங்கியது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. நம் ஊரில் ஏ.ஏ. கூட்டம் என்பார்கள். தமிழிலேயே நடக்கும் கூட்டங்கள் இங்கும் உண்டு. ஒருவர் எழுந்து நிற்பார். தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்பார். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று மூன்று பகுதியாகத் தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். ஆனால் சிரிப்பார்கள். வெளியாள் கேட்டால் அதிர்ந்துபோகும் இடங்களில், அந்த இருட்டை அறிந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

ஒரு மனிதர், எதிரே நாற்காலிகள், தன் மானக்கேட்டைத் தானே வரிசைப்படுத்திச் சொல்லும் கதை. அமைப்பில் இது, தனியாளாக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் மேடைக்கு மிக நெருக்கமானது. வேறுபாடு இலக்கில் இருக்கிறது. பாரில் சொல்லப்படும் குடிக்கதையில் சொல்பவன்தான் நாயகன். எவ்வளவு குடித்தேன், எப்படித் தப்பித்தேன் என்பதே கதை. மற்றவர்களெல்லாம் கூட்டத்தில் நிற்கிறவர்கள். ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது படி, குடியின்போது யார் யாரைப் புண்படுத்தினோம் என்று பட்டியல் போடச் சொல்கிறது. பட்டியல் போட்ட பிறகு பழைய கதையை எடுத்துப் பார்த்தால், அதில் இதுவரை முகமில்லாமல் நின்றவர்களுக்கு முகம் வந்திருக்கும். வாந்தியைத் துடைத்தவர் யார், ஜாமீன் பணத்துக்கு நகையை அடகு வைத்தவர் யார், பள்ளி வாசலில் காத்து நின்ற குழந்தை யாருடையது. கதைக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டால் காமெடியின் தரமே மாறிவிடும். என்னைக் கேட்டால், குடியை விடுவது நகைச்சுவைக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுதான்.

இதற்கு முதல் பெரிய சாட்சி அமெரிக்க காமெடியன் ரிச்சர்ட் ப்ரையர். 1980 ஜூன் 9 அன்று நாள்கணக்கில் கொக்கெய்ன் புகைத்துக்கொண்டிருந்த அவர், தன் மேல் ரம்மை ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். உடம்பில் பாதி வெந்துபோனது. முதலில் விபத்து என்றுதான் சொல்லப்பட்டது. வேண்டுமென்றே செய்தேன் என்பதை அவர் பல ஆண்டுகள் கழித்தே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையில் ஆறு வாரம் கிடந்து பிழைத்தெழுந்து, 1982இல் வெளியான மேடைப் படத்தில் அந்தத் தீயைப் பற்றியே பேசினார். பாலில் பிஸ்கட்டை நனைத்தபோது வெடித்துவிட்டது என்ற ஒரு அபத்தச் சமாதானத்தை முதலில் சொல்வார். சிரிப்பு அடங்கியதும் உண்மைக்குள் இறங்குவார். கொக்கெய்ன் குழாய்க்கே ஒரு குரல் கொடுப்பார். வெளியே போகாதே, உன்னை எனக்குத்தான் தெரியும் என்று அது காதலிபோல் கொஞ்சும். பார்க்க வரும் நண்பரோ திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: இனி என்ன செய்யப் போகிறாய்? அடிமைத்தனம் என்பது எப்படிப்பட்ட உறவு என்று அந்தச் சில நிமிடங்களில் புரிவதுபோல் மருத்துவ நூல் எதிலும் எனக்குப் புரிந்ததில்லை. ப்ரையர் அதோடு மீண்டுவிடவில்லை. பின்னாலும் போதைக்குத் திரும்பினார். ஆனால் தெளிந்திருந்த அந்த இடைவெளியில் அவர் திறந்த கதவு மற்றவர்களுக்குத் திறந்தே கிடந்தது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கிரெய்க் ஃபெர்குசன். ஸ்காட்லாந்துக்காரர். எண்பதுகளில் எடின்பரோ விழா மேடைகளில் பெயர் வாங்கி, அதே வேகத்தில் குடியிலும் மூழ்கியவர். 1991 கிறிஸ்துமஸ் காலையில் லண்டனின் டவர் பாலத்திலிருந்து குதித்துவிட முடிவு செய்திருந்தார். பாரில் இருந்தவர் ஒரு கோப்பை ஷெர்ரி நீட்ட, அது அடுத்தடுத்த கோப்பைகளாகி, குதிக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. 1992 பிப்ரவரி 18 முதல் அவர் குடிக்கவில்லை. அதன் பிறகு அமெரிக்கா, தொலைக்காட்சித் தொடர், 2005இலிருந்து 'லேட் லேட் ஷோ' என்ற இரவுப் பேச்சு நிகழ்ச்சி என்று வாழ்க்கை ஏறுமுகமானது.

2007 பிப்ரவரியில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தன் தலையைத் தானே மழித்துக்கொண்ட படங்கள் உலகமெங்கும் ஓடின. இரவு நிகழ்ச்சிக்காரர்களுக்கு அது அறுவடை வாரம். ஃபெர்குசன் மது இல்லாத பதினைந்தாம் ஆண்டை அந்த வார இறுதியில்தான் முடித்திருந்தார். கேமரா முன் வந்து, அந்தப் பெண்ணைப் பற்றி ஜோக் சொல்லப்போவதில்லை என்றார். பிறகு பன்னிரண்டு நிமிடங்கள் தன் குடியைப் பற்றிப் பேசினார். பாலம், கிறிஸ்துமஸ், ஷெர்ரி எல்லாம் வந்தன. சிரித்துப் பழகிய அரங்கத்தினர் முதல் வரிகளுக்கு வழக்கம்போல் சிரித்தார்கள். பிறகு எங்கே சிரிப்பது என்று தெரியாமல் திணறினார்கள். காமெடி பலசாலிகளைத் தாக்க வேண்டும், விழுந்து கிடப்பவர்களை அல்ல என்ற பொருளில் அவர் சொன்னது அந்த நாட்களில் தனிக்குரல். அதே பிரிட்னி எப்படி வேட்டையாடப்பட்டார் என்று ஊடகங்கள் வருத்தப்பட்டு எழுத இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஃபெர்குசன் முன்கூட்டியே கண்டதற்குக் காரணம் தீர்க்கதரிசனம் இல்லை. அந்தப் படங்களில் அவர் பார்த்தது தன்னைத்தான்.

ஆனால் குடியை விட்டால் வாய்ப்பு வந்து கதவைத் தட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க காமெடியன் மார்க் மேரன் 1999 ஆகஸ்டில் எல்லாவற்றையும் விட்டார். அடுத்த பத்தாண்டில் அவருக்குக் கிடைத்தவை பறிபோன வானொலி வேலையும், இரண்டாவது விவாகரத்தும், தன்னைவிட இளையவர்கள் முன்னேறிப் போவதைப் பார்க்கும் கசப்பும். 2009 செப்டம்பரில், வேலை போன அதே வானொலி நிலையத்தின் ஸ்டுடியோவை இரவில் பயன்படுத்தி ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். பிறகு அது லாஸ் ஏஞ்சலிஸில் அவர் வீட்டு கராஜுக்குப் போனது. சக காமெடியன்களை எதிரே உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசினார். பழைய மனத்தாங்கல்களுக்கு மன்னிப்புக் கேட்டார், கேட்க வைத்தார். ஏ.ஏ. கூட்டம் தெரிந்தவர்களுக்கு அந்த வடிவம் உடனே அடையாளம் தெரியும். 2015 ஜூனில் அதிபர் ஒபாமா அந்த கராஜுக்கே வந்து பேசினார். 2025 அக்டோபரில் மேரன் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டபோது பாட்காஸ்ட் என்பதே ஒரு தொழிலாகியிருந்தது.

இன்றைய தலைமுறையில் ஜான் மலேனியின் கதைதான் மிகச் சிக்கலானது. அவர் குடியை இரண்டு முறை விட்டவர். முதல் முறை 23 வயதில். கோட்டு சூட்டு, ஒழுங்காகச் சீவிய தலை, பள்ளிக்கூடத்து நல்ல பையன் முகம் என்று அவர் மேடையில் கட்டிய உருவத்தின் அஸ்திவாரமே அதுதான். நான் ஒரு காலத்தில் குடித்தேன், நினைவு தப்பினேன், விட்டுவிட்டேன் என்று வேறு யாருக்கோ நடந்ததுபோல் அவர் சொன்ன கதைகள் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. 2018இல் எழுத்துக்கு, தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் வந்தது. அந்த நல்ல பையன் உருவத்துக்குப் பின்னால் கொக்கெய்னும் மருந்துச் சீட்டில் வாங்கிய மாத்திரைகளுமாகப் போதை திரும்பி வந்திருந்தது வெளியே தெரியவில்லை.

2020 டிசம்பர் 18 இரவு, விருந்து என்று நம்பி ஒரு வீட்டுக்குப் போனார். அவரைச் சிகிச்சைக்கு அனுப்புவதற்காக உள்ளே நண்பர்கள் காத்திருந்தார்கள். கொரோனா காலமென்பதால் பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் ஜூம் திரையில். அவர்களில் பலர் அமெரிக்காவின் பெரிய காமெடியன்கள். எல்லாரும் அன்று ஜோக் அடிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இத்தனை காமெடியன்கள் கூடியும் ஒருத்தரும் சிரிக்க வைக்காததுதான் தனக்கு அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது என்று பின்னால் மேடையில் சொன்னார். பென்சில்வேனியாவில் அறுபது நாள் சிகிச்சை. அங்கே தன்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லையே என்று, தன்னைப் பற்றிய செய்தி வந்த நாளிதழைப் பிறர் கண்ணில் படும்படி மேசையில் வைத்ததையும் ஒப்புக்கொண்டார்.

2023 ஏப்ரலில் வெளியான 'பேபி ஜே' என்ற மேடை நிகழ்ச்சி இந்த இரண்டாம் தெளிவின் பிள்ளை. அதில் கைக்கடிகாரக் கதை ஒன்று உண்டு. தன் கையில் ரொக்கம் தர வேண்டாம் என்று கணக்காளரிடம் அவரே சொல்லி வைத்திருக்கிறார். போதைமருந்துக்குக் காசு வேண்டுமே. கடன் அட்டையில் 12,000 டாலருக்கு ரோலக்ஸ் வாங்கி, அதே நாளில் அடகுக்கடையில் 6,000 டாலருக்குத் தள்ளிவிடுகிறார். பழைய மலேனியாக இருந்தால் இதைச் சாமர்த்தியக் கதையாகச் சொல்லியிருப்பார். இவரோ சொல்லி முடித்து அரங்கத்தைப் பார்க்கிறார். வெளியே சொல்லத் துணிந்ததே இவ்வளவு என்றால், சொல்லாமல் விட்டவை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள் என்ற பொருளில் பேசுகிறார். ஒரே வீச்சில், தன்னை எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டு பாடுபட்டதைக் கைவிட்டுவிடுகிறார்.

முடிவில் ஒரு பத்திரிகைப் பேட்டியை எடுத்து வாசிக்கிறார். சிகிச்சைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு தொலைபேசியில் கொடுத்தது. கொடுத்த நினைவே அவருக்கு இல்லை. ஞாபகம் தின்னப்பட்டது என்று மேலே சொன்னேனே, அதை இப்படி அச்சில் பிடித்து யாரும் காட்டியதில்லை. தெளிந்த மனிதர் ஒருவர், தன் பெயரில் தெளியாத ஒருவர் பேசியதை வரி வரியாகப் படித்துக்காட்ட, அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கான எம்மி கிடைத்தது. சிகிச்சை முடிந்து 2021 மே மாதம் இந்தக் கதைகளை அவர் முதலில் சொல்லிப் பார்த்த இடம் நியூயார்க்கின் 'சிட்டி வைனரி'. பெயரே சொல்கிறது, அது திராட்சை மது விற்கும் அரங்கம். தொழில் அவருக்கு வேறு வாசலைக் கொடுக்கவில்லை.

மலேனிக்கு நேர்ந்ததுபோல் வழுக்கி விழுவது எந்த ஆண்டிலும் நடக்கலாம். இருபது ஆண்டு தாக்குப்பிடித்த ராபின் வில்லியம்ஸ், 2003 வாக்கில் அலாஸ்காவில் படப்பிடிப்புக்காகச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தார். தனிமையும் பயமும் வாட்ட, கடையில் ஒரு சின்ன பாட்டிலைப் பார்த்து, இது ஒன்று என்ன செய்துவிடும் என்று நினைத்தார். மூன்று ஆண்டுகள் போயின. 2006இல் குடும்பத்தார் வற்புறுத்த, ஓரிகனில் ஒரு மையத்தில் சேர்ந்தார். 2009இல் இதய அறுவை சிகிச்சையும் முடிந்து மேடைக்குத் திரும்பியவர், அதற்கடுத்த ஆண்டு மேரனின் பாட்காஸ்ட்டில் பேசினார்.

அந்தப் பேச்சில் குரல் மாற்றம் குறைவு. வேகமும் குறைவு. அலாஸ்கா பாட்டிலைப் பற்றி, பயத்தைப் பற்றி, செத்துப்போகலாமா என்று மனம் ஒரு கணம் கேட்டதைப் பற்றிக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்கிறார். எதிரே இருப்பவரும் அதே வழியில் வந்தவர் என்பதால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2014 ஆகஸ்டில் வில்லியம்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது மறுபடி குடித்திருப்பார் என்று பலர் பேசினார்கள். குடித்திருக்கவில்லை. உடற்கூறாய்வில் மதுவோ தடைசெய்யப்பட்ட போதைப்பொருளோ இல்லை. மூளையைத் தின்றுகொண்டிருந்தது லூயி பாடி என்ற நோய் என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்த வாரம் மேரன் பழைய ஒலிப்பதிவைத் தழுதழுத்த முன்னுரையோடு மீண்டும் வெளியிட்டார். முன்பு கேட்டவர்களும் அதைத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு காமெடியன்கள், இருவர் ரத்தத்திலும் மது இல்லாத ஒரு நாளில், அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்த பேச்சு அது.